டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதங்கள்: எங்கே பிடிப்பது, எப்போது விடுவது?

ஈ.கோலை என்ற பாக்டீரியத்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் மடங்கிக் கிடக்கும் டிஎன்ஏவை நீட்டி அளந்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். எழுத்துக் கணக்கில் சொன்னால் சுமார் 46 லட்சம். அந்தச் சின்னஞ்சிறு உடலுக்குள், சில மரபணுக்களை இயங்கவிடாமல் தடுக்கும் ‘லாக் ஒடுக்கி’ என்றொரு புரதம் இருக்கிறது. மொத்தமே பத்துச் சொச்சம் மூலக்கூறுகள்தான். அவை முக்கியமாகப் போய் உட்கார வேண்டிய இடமோ, 46 லட்சம் எழுத்துகளுக்கு நடுவே சுமார் இருபது எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. அந்த இடத்தை ஒடுக்கி சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடுகிறது. தேவை முடிந்ததும் அங்கிருந்து எழுந்தும் போய்விடுகிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? எதை வைத்து ‘இதுதான் என் இடம்’ என்று அறிகிறது? எது அதை எழுப்பிவிடுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் செல்லுக்குள் நடப்பவற்றில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். டிஎன்ஏவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் டிஎன்ஏ தானாக எதையும் செய்வதில்லை. அதைச் சுருட்டி வைப்பது புரதம், பிரித்துப் படிப்பது புரதம், நகலெடுப்பது புரதம், கிழிந்தால் ஒட்டுவதும் புரதம். மரபணுவைப் பற்றி எழுதும்போது இந்தப் புரதங்களை ஓரமாக நிறுத்திவிடுவது சரியில்லை என்பது என் எண்ணம். அதனால் இங்கே அவற்றை முன்னால் வைத்தே பேசப்போகிறேன்.

முதல் ஈர்ப்பு: மின்சுமை

டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை வெளியிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அதன் முதுகெலும்புதான். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த இரண்டு இழைகள். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு காரங்களும் உள்பக்கம் இணை இணையாக நிற்கின்றன. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். இவற்றைத்தான் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் என்கிறோம்.

ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஓர் எதிர்மின் சுமையைத் தாங்கி நிற்கிறது. ஆக, டிஎன்ஏ முழுக்க எதிர்மின் சுமை பூசிய ஒரு நீண்ட இழை. புரதங்களைக் கட்டும் இருபது வகை அமினோ அமிலங்களில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டும் நேர்மின் சுமை உடையவை. இந்த இரண்டும் மேற்பரப்பில் அதிகமாக இருக்கும் புரதம் டிஎன்ஏவின் பக்கத்தில் வந்தாலே ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம்: கரைசலில் உப்பைக் கூட்டிக்கொண்டே போனால், உப்பின் அயனிகள் இந்த ஈர்ப்பை மறைத்துவிட, புரதம் பிடியைத் தளர்த்திப் பிரிந்துவிடும். டிஎன்ஏவோடு ஒட்டும் புரதங்களைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்துபவர்கள் இன்றும் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் இந்தப் பிடிப்புக்கு எழுத்து தெரியாது. பாஸ்பேட் எல்லா இடத்திலும் ஒன்றுதான். இங்கே ஒட்டினாலும் ஒன்று, ஆயிரம் எழுத்து தள்ளி ஒட்டினாலும் ஒன்று. குறிப்பிட்ட இடத்தை அறிய வேண்டுமென்றால் புரதம் உள்ளே இருக்கும் காரங்களைத் தொட்டாக வேண்டும்.

சுருளைப் பிரிக்காமலே படிப்பது

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். எழுத்துகள் உள்ளே இருக்கின்றன, இணை சேர்ந்து மூடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கச் சுருளைப் பிரித்துத்தானே ஆக வேண்டும்? நகலெடுக்கும்போது அப்படித்தான். ஆனால் இடம் தேடி வரும் புரதங்களில் பெரும்பாலானவை சுருளைத் திறப்பதே இல்லை. மூடிய நிலையிலேயே படித்துவிடுகின்றன.

அது முடிவது சுருளின் வடிவத்தால். இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்லும்போது அவற்றுக்கிடையே இரண்டு பள்ளங்கள் உருவாகின்றன. ஒன்று அகலமானது, பெரும் பள்ளம். மற்றது குறுகலானது, சிறு பள்ளம். காரங்களின் நடுப்பகுதி இணைக்குள் மறைந்திருந்தாலும் அவற்றின் ஓரங்கள் இந்தப் பள்ளங்களுக்குள் எட்டிப் பார்க்கின்றன. ஒவ்வொரு இணையின் ஓரத்திலும் அணுக்களின் அமைப்பு வேறு: ஓரிடத்தில் ஹைட்ரஜனைக் கொடுக்கும் அணுக்குழு, ஓரிடத்தில் அதை ஏற்கும் அணு, தைமினில் மட்டும் வெளியே துருத்தும் ஒரு மெத்தில் குழு. பிரெய்ல் எழுத்தை விரலால் தடவிப் படிப்பதைப் போல, புரதம் இந்த மேடுபள்ளங்களைத் தொட்டே எழுத்தை அறிந்துகொள்கிறது.

1976இல் சீமன், ரோசன்பர்க், ரிச் ஆகிய மூவரும் இதை அணு அணுவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பெரும் பள்ளத்தில் பார்த்தால் ஏ-டி, டி-ஏ, ஜி-சி, சி-ஜி நான்கும் நான்கு வேறு அமைப்புகளாகத் தெரிகின்றன. சிறு பள்ளத்தில் அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. ஏ-டி இணையையும் டி-ஏ இணையையும் அங்கிருந்து பிரித்தறிவது கடினம். புரதங்கள் பெரும்பாலும் பெரும் பள்ளத்தையே நாடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரே ஒரு தொடுகையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஆர்ஜினினின் பக்கச் சங்கிலி நீளமானது. அதன் நுனியில் நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்கள் கை நீட்டி நிற்கும். குவானினின் பெரும் பள்ள ஓரத்தில் ஓர் ஆக்சிஜனும் ஒரு நைட்ரஜனும் அருகருகே இருக்கின்றன. இரண்டுமே ஹைட்ரஜனை ஏற்கக் காத்திருப்பவை. ஆர்ஜினின் வந்து சேர்ந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகிவிடும். அந்த இடத்தில் அடினின் இருந்திருந்தால் இந்தப் பொருத்தம் கிடைக்காது. அடினினுக்கு அஸ்பராஜினோ குளூட்டமினோதான் இதேபோல் இரட்டைப் பிடி போட முடியும். டிஎன்ஏவோடு சேர்ந்த நிலையில் படமெடுக்கப்பட்ட புரதங்களை வரிசையாகப் பார்த்தால் இந்த ஆர்ஜினின்–குவானின் ஜோடி திரும்பத் திரும்ப வரும். அதற்காக, ‘இந்த அமினோ அமிலத்துக்கு இந்த எழுத்து’ என்று எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் அட்டவணை ஒன்றும் போட்டுவிட முடியாது. அதே ஆர்ஜினின் வேறொரு புரதத்தில் பாஸ்பேட்டை மட்டும் தொட்டுக்கொண்டு சும்மா இருக்கும். புரதத்தின் மொத்த உருவமும் எந்தக் கோணத்தில் வந்து அமர்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

எழுத்தைத் தொடாமலே படிக்கும் முறையும் உண்டு. ஏ-டி இணைகள் தொடர்ந்து வரும் இடங்களில் சிறு பள்ளம் இன்னும் குறுகிவிடும். அங்கே எதிர்மின் சுமை செறிந்திருப்பதால் ஆர்ஜினின் விரும்பிப் போய் நுழையும். டிஎன்ஏவின் சில வரிசைகள் எளிதில் வளையும், சில விறைத்து நிற்கும். டி-ஏ-டி-ஏ என்று வரும் வரிசையில் அமரும் டாட்டா-பிணைப்புப் புரதம் இந்த வளைவுத்தன்மையை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. அது சிறு பள்ளத்தில் உட்கார்ந்து டிஎன்ஏவைச் சுமார் 80 டிகிரி மடக்கிவிடும். பல மரபணுக்களில் படியெடுத்தல், அதாவது மரபணுவைப் படித்து ஆர்என்ஏ நகல் எடுப்பது, தொடங்குவதற்கான முதல் அடையாளமே அந்த மடிப்புதான்.

பிடிக்கும் உறுப்புகள்

பெரும் பள்ளத்துக்குள் கச்சிதமாக நுழையக்கூடிய புரத வடிவம் ஒன்று உண்டு: ஆல்பா சுருள். அமினோ அமிலச் சங்கிலி தன்னைத்தானே சுற்றி உருவாக்கும் குச்சி போன்ற பகுதி. அதன் தடிமனும் பெரும் பள்ளத்தின் அகலமும் ஒத்துப்போகின்றன. டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதக் குடும்பங்கள் பலவும் இந்த ஒரு பொருத்தத்தைத்தான் வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன.

பாக்டீரியாக்களில் அதிகம் காணப்படுவது ‘சுருள்-திருப்பம்-சுருள்’ அமைப்பு. இரண்டு குட்டிச் சுருள்கள், நடுவே ஒரு திருப்பம். ஒன்று பள்ளத்துக்குள் இறங்கிப் படிக்க, மற்றது அதைத் தாங்கிப் பிடிக்கும். மனித செல்களில் பெருவாரியாக இருப்பது துத்தநாக விரல். ஒரு துத்தநாக அயனியைச் சுற்றி மடங்கிய சுமார் முப்பது அமினோ அமிலங்கள்தான் ஒரு விரல். ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைகளிலிருந்து எடுத்த புரதத்தை ஆராய்ந்து ஆரன் க்ளக் குழுவினர் 1985இல் இதை விவரித்தார்கள். ஒரு விரல் ஏறக்குறைய மூன்று எழுத்துகளைப் படிக்கும். மூன்று விரல்கள் வரிசையாகச் சேர்ந்தால் ஒன்பது எழுத்துகள். லூசின் ஜிப் என்ற இன்னொரு வகையில் இரண்டு புரதங்கள் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டு, கீழ்ப்பகுதியில் கால்களை விரித்து டிஎன்ஏவின் இரு பக்கமும் பற்றிக்கொள்ளும்.

இவற்றில் பல புரதங்கள் இரண்டிரண்டாகவே வேலை செய்வதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நான்கு எழுத்துகளை வைத்து ஆறு எழுத்து நீளமுள்ள சொல் எழுதினால் 4,096 வகைகள் சாத்தியம். மனிதனின் ஒரு தொகுதி மரபுப்பொருளில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அப்படியானால் ஏதாவது ஓர் ஆறெழுத்துச் சொல் தற்செயலாகவே ஏழு லட்சம் இடங்களில் வந்துவிடும்! ஒரு சொல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வர வேண்டும் என்றால் குறைந்தது பதினாறு எழுத்து நீளம் வேண்டும். பாக்டீரியாவுக்குப் பன்னிரண்டே போதும். எனவே பாக்டீரியப் புரதங்கள் இரண்டு சேர்ந்து நீளமான வரிசையைப் படித்து வேலையை முடித்துக்கொள்கின்றன. மனிதனின் படியெடுத்தல் காரணிகளோ (டிஎன்ஏவில் அமர்ந்து மரபணுக்களை இயக்கவோ அணைக்கவோ செய்யும் புரதங்கள்) தனித்தனியே ஆறு முதல் பன்னிரண்டு எழுத்துகளைத்தான் பெரும்பாலும் படிக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்து எந்த மரபணு என்று சொல்லிவிட முடியாது. பல காரணிகள் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து வந்து அமர்ந்தால்தான் அந்த மரபணு இயங்கும்.

மனிதனில் இப்படிப்பட்ட காரணிகள் சுமார் 1,600 இருக்கின்றன. கல்லீரல் செல்லுக்கும் நரம்பு செல்லுக்கும் டிஎன்ஏ ஒன்றேதான். இந்த 1,600இல் எவை அந்தச் செல்லில் இருக்கின்றன, எவை எவற்றோடு சேர்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோல் செல்களுக்குள் நான்கே நான்கு காரணிகளை உற்பத்தியாக வைத்து, அவற்றை எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய தொடக்க நிலைக்குத் திருப்பிக் காட்டினார். செல்லின் சொந்த மரபணுக்களின் எழுத்துகளை அவர் திருத்தவில்லை. அதைப் பிடிக்கும் புரதங்கள் மாறின, செல்லின் அடையாளமே மாறிவிட்டது. 2012 நோபல் பரிசு இதற்குத்தான்.

தேடும் வழி

லாக் ஒடுக்கிக்குத் திரும்புவோம். 1970இல் ரிக்ஸ், பூர்ஷுவா, கோன் ஆகியோர் சோதனைக் குழாயில் இந்தப் புரதம் தன் இடத்தைச் சேரும் வேகத்தை அளந்தார்கள். வந்த விடை திகைக்க வைத்தது. நீரில் மூலக்கூறுகள் தற்செயலாக அலைந்து திரிந்து ஒன்றையொன்று சந்திக்கும் வேகம் எவ்வளவு இருக்க முடியும் என்று கணக்கிடலாம். ஒடுக்கியின் வேகம் அந்த உச்சவரம்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

பெர்க், விண்டர், வான் ஹிப்பல் ஆகியோர் 1981இல் கொடுத்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. புரதம் நீரில் மட்டும் அலைவதில்லை. எழுத்து தெரியாத அந்த முதல் ஈர்ப்பு இருக்கிறதே, அதைப் பயன்படுத்தி டிஎன்ஏவின் ஏதோ ஓர் இடத்தில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒட்டியபடியே இப்படியும் அப்படியும் வழுக்கிப் பக்கத்திலுள்ள எழுத்துகளைத் தடவிப் பார்க்கிறது. பொருந்தவில்லையா, கழன்று இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. முப்பரிமாண வெளியில் தேட வேண்டியதில் ஒரு பகுதியை ஒற்றைப் பரிமாண இழை மீது தேடுவதால் நேரம் மிச்சமாகிறது.

இது வெறும் கணக்கு அல்ல என்பதை யோகன் எல்ஃப் உள்ளிட்டோர் 2007இல் உயிருள்ள பாக்டீரியத்துக்குள் ஒளிரும் ஒடுக்கி மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து காட்டினார்கள். தேடும் நேரத்தில் சுமார் 90 சதவீதத்தை அது டிஎன்ஏவோடு ஒட்டியபடியே கழிக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. பிடி பலவீனமாக இருப்பதால்தான் தேடல் வேகமாக நடக்கிறது. கண்ட இடத்திலெல்லாம் இறுகப் பிடிக்கும் புரதம் ஒருநாளும் தன் இடத்தைப் போய்ச் சேராது.

விட்டுவிட வைப்பது எது?

ஒடுக்கி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. லாக்டோஸ் இல்லாதபோது அந்த நொதிகளைத் தயாரிப்பது வீண் செலவு. எனவே ஒடுக்கி உட்கார்ந்திருக்கும். மரபணுவைப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் வேலையைத் தொடங்க முடியாது. லாக்டோஸ் செல்லுக்குள் வந்ததும் அதில் ஒரு சிறு பங்கு அல்லோலாக்டோஸாக மாறும். அது ஒடுக்கியின் உடலில் வேறொரு குழியில் போய்ப் பொருந்தும். டிஎன்ஏவைத் தொடும் தலைப்பகுதிகள் இதனால் இடம் விலகிவிடுகின்றன. தன் இடத்தின் மீதான பிடி சுமார் ஆயிரம் மடங்கு தளர்கிறது. ஒடுக்கி எழுந்துவிடுகிறது, மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

அல்லோலாக்டோஸ் தளர்த்துவது அந்தக் குறிப்பிட்ட இடத்தின் பிடியைத்தான். மற்ற இடங்களில் மெல்ல ஒட்டும் குணம் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒடுக்கி செல்லுக்குள் எங்கோ காணாமல் போய்விடுவதில்லை, டிஎன்ஏவின் மற்ற பகுதிகளிலேயே உலவிக்கொண்டிருக்கும். லாக்டோஸ் தீர்ந்ததும் திரும்பி வந்து அமர அதற்கு நேரம் அதிகம் ஆகாது.

ஜேக்கப், மோனோ இருவரும் 1961இல் இந்த ஏற்பாட்டை முழுக்கத் தர்க்கத்தாலும் பாக்டீரிய வளர்ப்புச் சோதனைகளாலும் ஊகித்தார்கள். 1965இல் லுவோஃபுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. ஒடுக்கியைக் கையில் பிடித்துக் காட்டியவர்கள் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும். அது 1966இல்தான் நடந்தது. பத்தே மூலக்கூறுகள் கொண்ட ஒன்றைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

மனித செல்களிலும் இதே தத்துவம்தான். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் வந்து செல்லுக்குள் நுழைந்ததும் அதன் ஏற்பிப் புரதம் உட்கருவுக்குள் சென்று குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசைகளில் அமரும். வீக்கத்தைக் குறைக்க மருத்துவர்கள் எழுதித் தரும் பிரெட்னிசலோனும் டெக்சாமெத்தசோனும் இந்த ஏற்பியின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. ஏற்பி அங்கேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2000இல் உயிருள்ள செல்லுக்குள் அளந்து பார்த்தபோது, அது வந்து அமர்வதும் எழுவதும் விநாடிக் கணக்கில் நடப்பது தெரிந்தது.

புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்டறிய ஆய்வகத்தில் ஓர் அழகான முறை இருக்கிறது. டிஎன்ஏவைக் கண்ட இடத்தில் வெட்டும் நொதி ஒன்றைச் சிறிதளவு சேர்த்து, கிடைக்கும் துண்டுகளை ஜெல்லில் ஓட்டி நீள வாரியாகப் பிரிப்பார்கள். ஒவ்வோர் எழுத்து இடைவெளிக்கும் ஒரு கோடாக நெருக்கமான படிக்கட்டு தெரியும். புரதம் உட்கார்ந்திருந்தால் அதன் அடியில் நொதியால் வெட்ட முடியாது. படிக்கட்டில் அந்த அளவுக்கு மட்டும் கோடுகள் இல்லாத வெற்றிடம். 1978இல் வந்த இந்த முறைக்குத் தடம்பதிப்பு என்றே பெயர்.

சுருட்டி வைப்பவை, நகலெடுப்பவை, அறுப்பவை

மனித செல் ஒன்றின் டிஎன்ஏ சுமார் இரண்டு மீட்டர். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இதை அடக்கி வைப்பவை ஹிஸ்டோன்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கு வகைகளிலும் இரண்டிரண்டாக எட்டுப் புரதங்கள் சேர்ந்த உருண்டையைச் சுற்றி 147 கார இணைகள் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம், இதன் அணு அளவிலான படம் 1997இல் வெளியானது. ஹிஸ்டோன்களில் லைசினும் ஆர்ஜினினும் நிறைந்திருக்கின்றன. எழுத்து பார்க்காத முதல் ஈர்ப்புதான் இங்கே முழுப் பலத்தோடு வேலை செய்கிறது, ஏனென்றால் எல்லா வரிசையையும் சுருட்டியாக வேண்டும்.

ஆனால் சுருட்டிய டிஎன்ஏவில் படியெடுத்தல் காரணிகளில் பலவும் அமர முடியாது. அதனால் தேவைப்படும் இடத்தில் பிடியைத் தளர்த்த ஒரு வழி வேண்டும். ஹிஸ்டோனின் வால் போன்ற முனைகளிலுள்ள லைசின்களில் சில நொதிகள் அசிட்டைல் குழுவை ஒட்டிவிடும். அப்போது லைசினின் நேர்மின் சுமை மறைந்துவிடும், டிஎன்ஏ மீதான பிடி அந்த இடத்தில் நெகிழும். வேலை முடிந்ததும் அசிட்டைலை எடுத்துவிட வேறு நொதிகள் இருக்கின்றன.

டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸுக்கு வேறு மாதிரியான பிடி தேவை. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் கழன்று விழவும் கூடாது. தனியாக விட்டால் பல பாலிமரேஸ்கள் சில பத்து எழுத்துகளிலேயே விழுந்துவிடும். இதற்கு உதவுவது வளையம் போன்ற இன்னொரு புரதம். அது டிஎன்ஏவைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும். எந்த எழுத்தையும் இறுகப் பிடிக்காமல் வழுக்கி ஓடும். பாலிமரேஸ் அதோடு இணைந்திருப்பதால் ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் நகலெடுக்க முடிகிறது. ஈ.கோலையில் விநாடிக்குச் சுமார் ஆயிரம் எழுத்துகள்.

பாக்டீரியாக்கள் வைரஸுக்கு எதிராக வைத்திருக்கும் வெட்டு நொதிகள் எழுத்தில் மிகக் கண்டிப்பானவை. ஈகோ ஆர்1 என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தைக் கண்டால் மட்டும் வெட்டும். தன் சொந்த டிஎன்ஏவிலும் அந்தச் சொல் இருக்குமே? அங்கெல்லாம் பாக்டீரியம் அடினின் ஒன்றின் மீது ஒரு மெத்தில் குழுவை முன்பே பதித்து வைத்துவிடுகிறது, நொதியால் பொருந்த முடியாமல் போகிறது.

டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் டோப்போஐசோமரேஸ்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரட்டைச் சுருளைப் பிரித்துக்கொண்டே போனால் முன்பக்கம் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். இந்த நொதிகள் இழையை வெட்டி, முறுக்கை விடுவித்து, மறுபடி ஒட்டிவிட்டு விலகும். வெட்டுக்கும் ஒட்டுக்கும் இடைப்பட்ட நொடியில் டிஎன்ஏவின் அறுந்த முனை நொதியோடு வேதிப் பிணைப்பில் இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வந்து நுழைவது அந்த நொடியில்தான். பாக்டீரியத்தின் ஜைரேஸ் என்ற டோப்போஐசோமரேஸ் நொதியை ஒட்டவும் விடாமல், விலகவும் விடாமல் அப்படியே உறைய வைத்துவிடுகிறது. அறுந்த டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்ட நொதிகள் வழியெல்லாம் தடையாக நிற்க, பாக்டீரியம் செத்துப்போகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் எட்டோபோசைடும் மனித செல்களின் இதே வகை நொதியை இப்படித்தான் சிக்க வைக்கிறது. விட வேண்டிய நேரத்தில் விடாத புரதம் செல்லையே கொன்றுவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஓர் ஆர்ஜினின் குறைந்தால்

பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்க முடியாமல் போவது இதற்கு மறுபக்கம். பி53 என்ற புரதம் டிஎன்ஏவுக்குச் சேதம் ஏற்படும்போது வேலையில் இறங்குவது. நான்கு பி53 மூலக்கூறுகள் சேர்ந்து குறிப்பிட்ட வரிசைகளில் அமர்ந்து, செல் பிரிவதை நிறுத்தும் மரபணுக்களை இயக்குகின்றன. சேதம் மீள முடியாதது என்றால் செல்லைத் தானாகவே மடிய வைக்கின்றன. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் பி53 மரபணு பழுதாகி இருக்கிறது.

அந்தப் பழுதுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலானவை டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியில். அதிலும் 248ஆம் இடத்திலும் 273ஆம் இடத்திலும் திரும்பத் திரும்ப. 1994இல் பி53 டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் படம் வெளியானபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. 248ஆம் இடத்தில் இருப்பது சிறு பள்ளத்துக்குள் நுழைந்து பற்றும் ஓர் ஆர்ஜினின். 273ஆம் இடத்தில் இருப்பது பாஸ்பேட்டைத் தொட்டுப் பிடிக்கும் இன்னோர் ஆர்ஜினின். 393 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஒன்றே ஒன்று மாறுகிறது, பிடி போகிறது, செல்லின் காவலும் போகிறது.

பிடியை மாற்றி நோயைத் தீர்ப்பது

கருவில் இருக்கும் குழந்தையின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு காமா சங்கிலிகளும் இருக்கும். பிறந்த சில மாதங்களில் காமா மரபணு அணைந்து, அதன் இடத்தைப் பீட்டா மரபணு எடுத்துக்கொள்ளும். கதிர் அரிவாள் சோகை, பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்களில் பழுது இருப்பது இந்தப் பீட்டா மரபணுவில். கருவில் இருந்தபோது நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த காமா மரபணு இவர்களிடமும் முழுதாக, பழுதில்லாமல் இருக்கிறது. அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

அதை அணைப்பது யார்? பிசிஎல்11ஏ என்ற துத்தநாக விரல் புரதம். அது காமா மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னால் உள்ள டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறெழுத்தின் மீது போய் அமர்கிறது. அந்த எழுத்துகளில் பிறவியிலேயே மாற்றம் உள்ள சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் புரதத்தால் அமர முடிவதில்லை, வளர்ந்த பிறகும் காமா ஹீமோகுளோபின் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் அவர்களுக்குத் தொல்லை ஏதும் இல்லை. பிசிஎல்11ஏவை நிறுத்தினால் நோயாளிகளுக்கும் காமாவை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை இதனால் வலுத்தது.

ஆனால் பிசிஎல்11ஏ வேறு செல்களுக்கும் தேவையான புரதம். பி வகை நோயெதிர்ப்பு செல்கள் உருவாக அது வேண்டும். மொத்தமாக அழித்துவிட முடியாது. இங்கேதான் ஆய்வாளர்கள் இன்னொரு படி பின்னால் போனார்கள். சிவப்பணுவாக மாறவிருக்கும் செல்லில் பிசிஎல்11ஏ மரபணுவை இயக்கிவிடுவது காட்டா1 என்ற மற்றொரு படியெடுத்தல் காரணி. அது அந்த மரபணுவுக்குள்ளேயே இருக்கும், சிவப்பணு வரிசைச் செல்களில் மட்டும் பயன்படும் ஒரு தூண்டல் பகுதியில் அமர்கிறது. அந்த ஒரு சின்ன இடத்தைக் கெடுத்தால் போதும்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை செய்வது இதைத்தான். நோயாளியின் ரத்த மூலசெல்களை வெளியே எடுக்கிறார்கள். அவற்றுக்குள் காஸ்9 என்ற வெட்டுப் புரதத்தை, எங்கே போக வேண்டும் என்று காட்டும் ஆர்என்ஏ துண்டோடு அனுப்புகிறார்கள். காஸ்9உம் டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதமே. ஏதோ ஓர் எழுத்தும் அதன் பின்னே இரண்டு ஜியும் வரும் இடங்களில் நின்று, பக்கத்து எழுத்துகள் தன் ஆர்என்ஏவோடு பொருந்துகின்றனவா என்று சுருளைப் பிரித்துப் பார்க்கும். முழுதாகப் பொருந்தினால் வெட்டும். பொருந்தாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். காட்டா1 அமரும் இடத்தில் வெட்டு விழுந்ததும் செல் அதை அவசரமாக ஒட்ட, ஒட்டில் சில எழுத்துகள் கூடியோ குறைந்தோ போகின்றன. திருத்திய செல்களுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் வேண்டும் என்பதற்காக நோயாளிக்கு முதலில் கடுமையான கீமோ மருந்து கொடுத்துப் பழைய செல்களை அகற்றுகிறார்கள். சிகிச்சையின் மிகச் சிரமமான கட்டம் அதுதான். அதன் பின் செல்களைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். அவற்றிலிருந்து பிறக்கும் சிவப்பணு வரிசைச் செல்களில் காட்டா1க்கு அமர இடமில்லை, பிசிஎல்11ஏ வெகுவாகக் குறைகிறது, காமா மரபணு மீண்டும் ஓடத் தொடங்குகிறது. அதே மூலசெல்களிலிருந்து உருவாகும் பி செல்கள் அந்தத் தூண்டல் பகுதியைப் பயன்படுத்துவதே இல்லை. அவற்றில் பிசிஎல்11ஏ எப்போதும்போலத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.